மூன்று மாதத்துக்கு ஒரு நாற்காலி

மனைவியிடம் வாக்கர் வாங்கிவரப் போவதாகச் சொல்லியிருந்தார். மச்சினனிடம், வாங்கப்போவது வீல்சேர்தான், அதுவும் கொஞ்ச நாளைக்குத்தான், அக்காவிடம் இப்போது மூச்சு விடாதே என்று சொல்லியிருந்தார். ஒரே பயணத்துக்கு ஆளுக்கொரு பொய். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி பாசஞ்சரில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும், எதை யாரிடம் சொன்னோம் என்று மனதுக்குள் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டார் லிஃப்ட்காரர்.

லிஃப்ட் மெக்கானிக் வேலைக்கு வந்து இருபத்திரண்டு வருஷம். நகரத்தில் பாதிக் கட்டடங்களின் வாட்ச்மேன்களுக்கு அவர் பெயர் தெரியாது. "லிஃப்ட்காரர் வந்தாச்சு" என்பார்கள், அவ்வளவுதான். கம்பிவடத்தின் தேய்மானம், பிரேக் லைனிங்கின் கனம், கதவுக்கும் தரைக்கும் நடுவே உள்ள இடைவெளி என்று எதையும் மில்லிமீட்டரில் பார்க்கிற ஆள். குடியிருந்ததோ லிஃப்டே இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில். "ஊரையே ஏத்தி இறக்குறீங்க, உங்களை ஏத்தத்தான் ஆளில்ல" என்று மனைவி கேலி செய்வாள். நாலு மாதம் முன்பு வரை அது கேலியாக மட்டும் இருந்தது.

அன்றைக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். அவர் கூடத்தில் காலை நீட்டிக்கொண்டு மிக்ஸியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். மேலே பரணில் இருந்த டூல்ஸ் பெட்டி வேண்டியிருந்தது. எழுந்திருக்கச் சோம்பல். "கொஞ்சம் அதை எடுத்துக் குடேன்" என்றார். அவள் ஸ்டூலைப் போட்டு ஏறினாள். ஸ்டூலின் ஒரு கால் ஆடும் என்பது வீட்டில் இருவருக்கும் தெரியும். பெட்டியோடு பின்பக்கமாகச் சரிந்தவள் குளியலறை வாசல்படியின் விளிம்பில் முதுகு பட விழுந்தாள். பெட்டி விழுந்த சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. அவள் சத்தமே போடவில்லை. "காலை எங்க வச்சேன்னு தெரியலங்க" என்றாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய அன்று டாக்டர் அவரை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். இடுப்புக்குக் கீழே இனி உணர்வு வராது, நடை வராது, எதிர்பார்க்க வேண்டாம் என்றார். "நீங்களே பக்குவமா எடுத்துச் சொல்லிடுங்க." அவரும் தலையை ஆட்டினார். உள்ளே வந்தபோது மனைவி, "என்ன சொல்றாரு?" என்றாள். "நரம்பு வீக்கம் வத்தணுமாம். நாளாகுமாம்" என்றார். அது அவர் வாயில் எப்படி வந்தது என்று அவருக்கே தெரியாது. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தார். நாளை என்பது நாலு மாதம் ஆகிவிட்டது. வாரம் மூன்று நாள் வந்து காலை நீட்டி மடக்கிவிடும் பிசியோவிடமும் வாயைத் திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அந்த பிசியோதான் ஒரு நாள் படியிறங்கும்போது, "இன்னும் எத்தனை நாளைக்கு சார் அவங்களைக் கட்டில்லயே வச்சிருப்பீங்க?" என்று கேட்டு, இந்தச் சந்தையைப் பற்றியும் சொன்னார். மாதத்தில் முதல் ஞாயிறு மட்டும் கூடும். நோயாளிகளுக்கான சாமான் எல்லாம் கிடைக்கும், எல்லாம் ஒருவர் பயன்படுத்தியது. ரயிலில் இரண்டரை மணி நேரம்.

துணைக்கு வந்த மச்சினனுக்கு வீட்டில் ரேடியோ என்று பெயர். முப்பத்தெட்டு வயது, பெயின்டர். சாரத்தில் நின்று சுவரோடு பேசிக்கொண்டே வேலை செய்வான் என்பார்கள். வண்டி கிளம்பிய பத்தாவது நிமிஷத்தில் எதிர் சீட்டுக்காரரின் பெண்ணுக்கு எங்கே வரன் பார்க்கிறார்கள் என்பதுவரை தெரிந்துகொண்டுவிட்டான்.

"மாமா, அக்காவுக்கு நேத்து கட்டைவிரல் ஆடுச்சாம். சொன்னாளா?"

"ம்."

"நான் சொன்னேன், அவ்வளவுதான்க்கா, விரல் ஆடிட்டா கால் தானா வந்துடும்னு. என்ன ஒரு சந்தோஷம் தெரியுமா அவளுக்கு!"

கட்டைவிரல் ஆடவில்லை. போர்வையை இழுக்கும்போது கால் நகர்ந்திருக்கிறது. லிஃப்ட்காரர் பக்கத்தில்தான் இருந்தார், பார்த்தார். ஆடியதா என்று அவள் கேட்டபோது, ஆடின மாதிரிதான் இருந்தது என்றார்.

ஸ்டேஷன் சின்னது. இறங்கியவர்களில் பாதிப் பேர் ஒரே திசையில் நடந்தார்கள், வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. பிளாட்பாரம் முடியும் இடத்தில் சரக்கு ரயில்களுக்கென்று கட்டி, இப்போது சும்மா கிடக்கும் நீளமான தகரக் கொட்டகை. அதற்குள்தான் சந்தை.

உள்ளே நுழைந்ததும் ரேடியோவே ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்திவிட்டான். ஊன்றுகோல்களை உயரவாரியாகக் கட்டிச் சாத்தியிருந்தார்கள். காற்று மெத்தைகள் கொடியில் தொங்கின. ஒரு வரிசை முழுக்கக் கட்டில்கள், தலைமாட்டைச் சுழற்றி உயர்த்துகிற ரகம். அதில் ஒன்றில் படுத்துப் பார்க்கப்போன பெரியவர் ஒருவர் அப்படியே தூங்கிவிட்டிருந்தார். அவருடைய மருமகள், "எழுந்திருங்க, இன்னும் வாங்கவே இல்ல" என்று உலுக்கிக்கொண்டிருந்தாள். ஆக்சிஜன் மிஷின் ஒன்று ஓடுகிறதென்று காட்ட அதை ஓடவிட்டிருந்தார்கள், அது யாருக்கும் இல்லாமல் புஸ் புஸ் என்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. கடைக்காரர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் வீட்டு ஆட்கள். ஒரே ஒரு சாமானைத் துடைத்துக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ரேடியோ சீக்கிரமே பழைய நிலைக்கு வந்துவிட்டான். ஒவ்வொரு சக்கர நாற்காலியிடமும் நின்றான். "ஏன் விக்கிறீங்க? யாரு வச்சிருந்தது?" என்றான்.

"எங்க அண்ணன். நடந்துட்டாருங்க. அதான்."

"எங்க அம்மா வச்சிருந்தது. எழுந்து நடந்துட்டாங்க."

"நம்ம சித்தப்பாதான். நல்லாயிட்டாரு, நடந்துட்டாரு."

ரேடியோவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "மாமா, ஏழு பேரைக் கேட்டேன், ஏழு பேரும் நடந்துட்டாங்க! இதெல்லாம் ராசியான சாமான் மாமா. அக்காவைக் கூட்டிட்டு வந்து காட்டணும்." ஏழு பேரும் அதைச் சொன்னபோது எந்தப் பக்கம் பார்த்தார்கள் என்பதை லிஃப்ட்காரர் கவனித்திருந்தார். ஒருவரும் ரேடியோவின் முகத்தைப் பார்க்கவில்லை.

கொட்டகையின் கடைசியில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். முன்னால் ஒரே ஒரு நாற்காலி. லிஃப்ட்காரர் குனிந்து பார்த்த உடனேயே இதுதான் என்று தோன்றியது. சக்கரத்தைச் சுண்டிவிட்டார், சத்தமில்லாமல் சுற்றியது. பேரிங் புதிது. பிரேக் கட்டையின் தேய்ந்த பக்கத்தைத் திருப்பிப் போட்டிருந்தார்கள். யாரோ விஷயம் தெரிந்தவர் கையால் பராமரித்த வண்டி.

"யாருதுக்கா?" என்றான் ரேடியோ.

"எங்க வீட்டுக்காரர் வச்சிருந்தது" என்றாள். அதற்கு மேல் சொல்லவில்லை. ரேடியோ மிச்சத்தைத் தானே போட்டுக்கொண்டான்.

"அளவு என்ன?" என்று அவள் லிஃப்ட்காரரைக் கேட்டாள்.

"எது அளவு?"

"உக்காரப் போறவங்க அளவு. இடுப்பு, தொடை நீளம், முழங்கால்லேர்ந்து குதிகால் வரைக்கும். எடுத்துட்டு வரலையா? அளவு தப்பினா புண்ணு வரும் சார், செருப்பு மாதிரி இல்ல இது."

மில்லிமீட்டர் கணக்குப் பார்க்கிற மனிதருக்குச் சுருக்கென்றது. அளவு எடுத்திருக்கலாம். எடுத்திருந்தால் எதற்கென்று மனைவி கேட்டிருப்பாள். கையால் அந்தரத்தில் ஒரு அகலம் காட்டினார். அந்தப் பெண்மணி அவர் கையையே பார்த்தாள்.

"இதுக்கு என்ன மாமா யோசனை, போனைப் போட்டுக் கேட்டா ஆச்சு" என்றான் ரேடியோ. வேண்டாம் என்று இவர் சொல்லி வாயை மூடுவதற்குள் போன் ஸ்பீக்கரில் அடித்துக்கொண்டிருந்தது.

"அக்கா, டீச்சர் பக்கத்துல இருக்காங்களா? டேப்பை எடுத்து உன் இடுப்பு அளவை எடுக்கச் சொல்லு."

எதிர்வீட்டு டீச்சர்தான் அன்றைக்கு அவளுக்குத் துணை.

"வாக்கருக்கு எதுக்குடா இடுப்பு அளவு?"

ரேடியோ நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆனால் அவனால் அதிக நேரம் கடித்துக்கொண்டிருக்க முடியாது. "வாக்கர் இல்லக்கா, வீல்சேர். பயப்படாத, கொஞ்ச நாளைக்குத்தான். இங்க வந்து பாரு, இதை வச்சிருந்தவங்க அத்தனை பேரும் நடந்துட்டாங்களாம். ஒருத்தர் விடாம!"

"அவர்கிட்ட குடு" என்றாள்.

ஸ்பீக்கரை எப்படி அணைப்பது என்று தெரியாமல் லிஃப்ட்காரர் போனைக் கையில் வாங்கினார்.

"வாக்கர்னுதானே சொல்லிட்டுப் போனீங்க?"

"ஆமா. இங்க வந்து பாத்தா… இது நல்லதா இருந்துச்சு."

"எவ்வளவு நாளைக்கு?"

சந்தையின் இரைச்சலுக்கு நடுவே அந்தக் கேள்வி மட்டும் தனியாகக் கேட்டது. வந்து சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். இத்தனை நாளும் அவர் செய்தது மறைத்ததுதான், மழுப்பியதுதான். இன்ன தேதி, இன்ன மாதம் என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை.

"மூணு மாசம்" என்றார்.

"மூணு மாசமா? டாக்டரே சொன்னாரா?"

"ம். சொன்னாரு."

அவள் சிரித்தது கேட்டது. நாலு மாதத்தில் அந்தச் சிரிப்பை அவர் கேட்டதில்லை. "அதை முன்னாலயே சொல்றதுக்கென்ன? சரி, உக்காந்த இடுப்பா, நின்ன இடுப்பா? ரெண்டும் ஒண்ணு இல்ல தெரியும்ல?" சட்டைக் கம்பெனியில் கட்டிங் பிரிவில் பதினாலு வருஷம் வேலை பார்த்தவள். "அளவே இல்லாம கடைக்குப் போன ஆளு நீங்க ஒருத்தர்தான். நீங்கல்லாம் எப்படித்தான் லிஃப்ட் மாட்டுறீங்களோ." டீச்சர் டேப்பை வைப்பதும், "அங்க இல்ல, இன்னும் கீழ, எனக்குத் தெரியலை, நீங்களே பாத்து வையுங்க" என்று இவள் சொல்வதும் கேட்டது. பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். இடுப்பு அகலம் பதினாறு இன்ச். தொடை பதினேழரை. கால் பதினைந்தே முக்கால். "முக்காலை விட்டுடாதீங்க" என்றாள்.

போனை வைத்ததும் ரேடியோ ஜெயித்தவன் மாதிரி நிமிர்ந்தான். "பாத்தீங்களா? நீங்க என்னமோ சொல்லவேணாம் சொல்லவேணாம்னு. எவ்வளவு சந்தோஷப்பட்டா! சரிக்கா, கட்டிக் குடுங்க."

அந்தப் பெண்மணி அசையவில்லை. "மூணு மாசத்துக்கா கேக்குறீங்க?" என்றாள்.

"ஆமாக்கா."

"அப்ப இது உங்களுக்கு வேணாம். மூணு மாசம்னா ஆஸ்பத்திரி வாசல்லயே வாடகைக்குக் கிடைக்கும். இது அதுக்கில்ல." கைப்பிடியின் கீழே ஒரு கொண்டியை அழுத்தினாள், கைப்பிடி முழுசாகக் கழன்று வந்தது. "பாருங்க, இது கட்டில்லேர்ந்து யாரும் தூக்காம அவங்களே நகர்ந்து உக்காரதுக்கு. வாழ்நாள் பூரா உக்காரவங்களுக்குப் பண்ணினது. எங்க வீட்டுக்காரர் ஒன்பது வருஷம் இதுலதான் வேலைக்குப் போனாரு."

"ஒன்பது வருஷமா? அப்பறம் நடந்துட்டாரா?"

அவள் ரேடியோவை ஏற இறங்கப் பார்த்தாள். கோபமாக இல்லை. "தம்பி, இங்க நடந்துட்டாங்கன்னா என்ன அர்த்தம்னு உங்களுக்கு யாரும் சொல்லலையா? செத்தவங்க சாமானை யாரு வாங்குவா? அதனால எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. எனக்கு அது வாயில வரலை. போன மாசம் அவருக்குக் காய்ச்சல் வந்தது. போயிட்டாரு."

ரேடியோ வரிசையைத் திரும்பிப் பார்த்தான். அண்ணன், அம்மா, சித்தப்பா. பிறகு மெதுவாக மாமாவைப் பார்த்தான். மாமா குனிந்து பிரேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஏற்கெனவே பார்த்த பிரேக்கை.

"மாமா. அக்காவுக்கு எத்தனை மாசம்?"

அவர் பிரேக்கை இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தார்.

"மாமா!"

"டாக்டர் மாசக் கணக்கு எதுவும் சொல்லல."

"அப்ப என்னதான் சொன்னாரு?"

லிஃப்ட்காரர் நிமிர்ந்தார். "வராதுன்னு சொன்னாரு."

"எப்ப?"

"டிஸ்சார்ஜ் அன்னிக்கு."

விரலை மடக்கி மாதத்தை எண்ணப் போன ரேடியோ, எண்ணாமலே கையைக் கீழே போட்டான். அப்படியே திரும்பி, கட்டில் வரிசைக்கு நடுவே நடந்து, கொட்டகையின் வெளிச்சமான பக்கம் போய்விட்டான்.

"எனக்குத் தெரியாது சார்" என்றாள் அந்தப் பெண்மணி. "நான் பாட்டுக்கு எதையோ சொல்லி…"

"நீங்க சரியாத்தாம்மா சொன்னீங்க. இதையே குடுங்க."

அவள் நாற்காலியை மடக்கிக் காட்டினாள். உட்காரும் மெத்தையில் காற்று எவ்வளவு இருக்கவேண்டும், கையை ஊன்றி உடம்பை அரைமணிக்கு ஒருதரம் தூக்கச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் புண் வரும், வந்தால் அவர்களுக்கே தெரியாது என்றெல்லாம் சொன்னாள். இரண்டு கையும் நிறைய அவளுடைய வீட்டுக்காரரின் பழக்கங்கள் இருந்தன, அதையும் சேர்த்து ஒப்படைப்பவள் மாதிரி பேசினாள். எல்லாம் முடிந்த பிறகு லிஃப்ட்காரர் கேட்டார்.

"உங்க வீட்டுக்காரருக்கு யாரு சொன்னது?"

"யாருக்கும் தைரியம் வரல. அவரே ஒரு நாள் ஃபைலை எடுத்துப் படிச்சுட்டாரு. ஒரு வாரம் சாப்பிடல. எங்கிட்ட ரெண்டு மாசம் பேசல." நாற்காலியின் முதுகை ஒருமுறை துணியால் துடைத்தாள். "அப்பறம் சாப்பிட்டாரு."

பகல் ஒன்றரை மணி வண்டிக்கு அவர் மட்டும்தான் பிளாட்பாரத்தில் நின்றார். போன் அடித்தும் ரேடியோ எடுக்கவில்லை. வண்டி வந்தது. பெட்டியின் படி உயரம், இடைவெளியும் அகலம். மடக்கின நாற்காலியை நெஞ்சோடு அணைத்து ஒரு காலைப் படியில் வைத்தார், சக்கரம் கதவின் கம்பியில் மாட்டிக்கொண்டது. பின்னால் இருந்தவர்கள் சலித்துக்கொண்டார்கள். திடீரென்று கனம் குறைந்தது. கீழேயிருந்து ரேடியோ சக்கரத்தைப் பிடித்து உள்ளே தள்ளினான். அவன் கண் சிவந்திருந்தது.

கதவோரமாக நாற்காலியைக் கயிற்றால் கட்டிவிட்டு இருவரும் அதன் இரண்டு பக்கமும் நின்றார்கள். மூன்று ஸ்டேஷன் போகும்வரை ரேடியோ ஒரு வார்த்தை பேசவில்லை. அவனைத் தெரிந்த இத்தனை வருஷத்தில் லிஃப்ட்காரர் பார்க்காத விஷயம் அது. கடைசியில் அவராகவே ஆரம்பித்தார். யாரிடமும் சொல்லாததைச் சொன்னார். ஸ்டூல் ஆடும் என்று தெரியும், எழுந்திருக்கச் சோம்பல்பட்டு அவளை ஏறச் சொன்னது தான்தான், அதனால்தான் அவள் முகத்தைப் பார்த்து எதையும் சொல்ல வாய் வரவில்லை என்றார்.

ரேடியோ வெளியே பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"அதை நான் கேக்கல மாமா" என்றான். "ஸ்டூல் சரிஞ்சது அன்னிக்கு. யாரு வீட்லயும் சரியும். போன்ல நீங்க சொன்னது இன்னிக்கு. அவ சிரிச்சா. நான் பக்கத்துலயே நின்னு கேட்டேன்."

லிஃப்ட்காரர் கயிற்றின் முடிச்சை இறுக்கினார்.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நான் சொல்றேன்."

"எப்ப?"

"இன்னிக்கே."

"இன்னிக்கேன்னா? போன நாலு மாசமும் தினமும் இன்னிக்குத்தான் மாமா."

"வீட்டுக்குள்ள போனதும்."

ஐந்து மணிக்கு மூன்று மாடியும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். உள்ளே போனதும் சொல்ல முடியவில்லை. அவள் தலைவாரி, வேறு புடவை மாற்றி, கட்டிலின் விளிம்பில் தலையணைகளை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தாள். டீச்சரும் அவளுமாகச் சேர்ந்து மத்தியானமே தயாராகியிருக்கிறார்கள். "கொண்டாங்க, கொண்டாங்க" என்றாள். கைப்பிடி கழன்றுவருவதைக் காட்டியதும் ஆச்சரியப்பட்டாள். கையை ஊன்றி, பல்லைக் கடித்து, தானே நகர்ந்து உட்கார்ந்தாள். அளவு கச்சிதமாக இருந்தது. "முக்காலை விடலையே" என்று குனிந்து கால்பலகையைப் பார்த்தாள். கூடத்தைச் சுற்றினாள். ஜன்னலுக்குப் போனாள். சமையலறை வாசலில் நின்று, நாலு மாதமாக இந்த மனுஷன் சாமான்களை எங்கெங்கே மாற்றி வைத்திருக்கிறார் என்று டீச்சரிடம் குறை சொன்னாள். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் வீட்டுக்குக் கிளம்பினாள்.

ரேடியோ வாசல் நிலையில் சாய்ந்து நின்றான். உட்காரவில்லை. அக்கா கொடுக்கச் சொன்ன டீயையும் எடுக்கவில்லை.

"என்னடா, வாயை வழியில தொலைச்சுட்டியா?" என்று கேட்டுவிட்டு அவள் கணவரிடம் திரும்பினாள். "மூணு மாசம்னா, சீசன் வேலை ஆரம்பிக்கிறதுக்குள்ள போயிடலாங்க. கட்டிங் மாஸ்டருக்கு நாளைக்கே போன் பண்ணிச் சொல்லிடறேன். இல்லேன்னா என் டேபிளை வேற யாருக்காவது குடுத்துடுவாரு."

"போன் பண்ணாத" என்றார்.

"ஏன்?"

அவர் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். நின்றுகொண்டு சொல்ல முடியாது என்று தோன்றியது. "மூணு மாசம் இல்லம்மா. டாக்டர் அப்படிச் சொல்லல. நான் சொன்னது பொய். நடை திரும்ப வராதுன்னு சொன்னாரு. டிஸ்சார்ஜ் அன்னிக்கே சொல்லிட்டாரு."

அவள் முகத்தில் சிரிப்பின் மிச்சம் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு தம்பியைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"இவனுக்கும் தெரியுமா?"

"இன்னிக்கு மத்தியானம்தான் தெரிஞ்சுது."

"பிசியோவுக்கு?"

"…தெரியும்."

"அப்ப அவர் ஊசியால குத்தி, தெரியுதா தெரியுதான்னு கேட்டது?"

அவர் நாற்காலியின் கால்பலகையைப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணை மூடிட்டு யோசிச்சு யோசிச்சு, லேசா தெரியற மாதிரி இருக்குன்னு சொல்லுவேனே. நீங்களும் பக்கத்துல நின்னு தலையை ஆட்டுவீங்களே." அவள் குரல் உயரவில்லை. "கட்டைவிரல் ஆடுச்சுன்னு சொன்னேன். ஆமான்னீங்க."

"பயமா இருந்துச்சு. அன்னிக்கு உன்னை ஏறச் சொன்னது நான். அதனால…"

"நீங்க சொல்லி ஏறினேன். அதுக்கு உங்க மேல எனக்குக் கோபம் இல்லாம இல்ல. ஆனா அது எனக்குத் தெரிஞ்ச விஷயம். இது என் காலு. இதைப் பத்தி என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு."

அவள் நாற்காலியைத் திருப்பினாள். படுக்கையறை வாசல் குறுகல், ஒரு சக்கரம் நிலையில் இடித்து நின்றது. அவர் எழுந்து கையை நீட்டினார். "தொடாதீங்க" என்றாள். பின்னால் வந்து, மறுபடி முன்னால் போய், மறுபடி இடித்து, நாலாவது தடவையில் உள்ளே போனாள். கதவைச் சாத்த வேண்டுமானால் முதலில் நாற்காலியைத் திருப்ப வேண்டும். அதற்கும் நேரமானது. இரண்டு ஆண்களும் கூடத்தில் நின்றபடி அந்தச் சத்தம் முழுவதையும் கேட்டார்கள். கடைசியில் கதவு மூடிக்கொண்டது.

அதற்கப்புறம் வீட்டில் தேவைக்கு மட்டும் பேச்சு. தண்ணீர், மாத்திரை, வலது பக்கம் திருப்புங்க, போதும். அவ்வளவுதான். பிசியோ வந்தபோது அவரை உட்காரவைத்து, "இனிமே கைக்கு என்ன பயிற்சியோ அதை மட்டும் சொல்லிக் குடுங்க" என்றாள். அந்த மனிதர் கூனிக் குறுகிப்போனார். ரேடியோ தினமும் சாயங்காலம் வந்தான், அக்காவின் அறையில் உட்கார்ந்து தணிந்த குரலில் பேசிவிட்டுப் போனான். சில நாள் உள்ளே அழுகைச் சத்தம் கேட்கும். லிஃப்ட்காரர் சமையலறையில் எதையாவது கழுவிக்கொண்டு நிற்பார். வேலையிடத்தில் ஒரு நாள் பிரேக்கை மாட்டிவிட்டு ஒரு போல்ட்டை முடுக்காமலே மூடப்போனார். உதவிக்கு இருந்தவர் பார்த்துச் சொன்னதால் தப்பியது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அதை அவளிடம் சொன்னார். எதையும் மறைக்கக்கூடாது என்று சொன்னாரோ, அனுதாபத்துக்குச் சொன்னாரோ, அவருக்கே தெரியவில்லை. அவள் கேட்டுக்கொண்டாள். "பாத்து வேலை செய்யுங்க" என்றாள்.

மூன்றாவது வாரம் அவளே டாக்டருக்குப் போன் செய்து நேரம் வாங்கினாள். ரேடியோவும் அவரும் நாற்காலியோடு அவளைக் கீழே இறக்கினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும், எந்தப் பக்கம் யார் முதலில் இறங்கவேண்டும் என்று அவள்தான் சொன்னாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் அறை வாசலில் அவரும் எழுந்தபோது, கையைக் காட்டி நிறுத்தினாள். "நான் மட்டும் போறேன்."

நாற்பது நிமிஷம் ஆனது. பாதியில் நர்ஸ் ஒருத்தி உள்ளே தண்ணீர் கொண்டுபோனாள். லிஃப்ட்காரர் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே என்ன பேசுகிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள ஒரு வழியும் இல்லை. ஒரு தடவை கதவுக்கருகில் போய், பிறகு வெட்கப்பட்டுத் திரும்பி வந்தார்.

வெளியே வந்தபோது அவள் முகம் கழுவியிருந்தாள், முன்நெற்றி முடி ஈரமாக இருந்தது. மடியில் ஃபைல்.

"என்ன சொன்னாரு?" என்று அவர் கேட்டார்.

"நான் கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னாரு."

"என்ன கேட்ட?"

"கொஞ்ச நாள் அது எங்கிட்டயே இருக்கட்டும்" என்றாள்.

ரேடியோ ஆட்டோ கூப்பிடப் போனான். இருவரும் வாசல் நிழலில் காத்திருந்தார்கள். ஆட்கள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தார்கள். யாரோ அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார், அவள் தலையசைத்தாள். வெகுநேரம் கழித்து, அவரைப் பார்க்காமலே பேசினாள்.

"வீட்டு ஓனர்கிட்ட பேசிடுங்க. நமக்கு இனிமே தரைத்தளம்தான் சரிப்படும். மாடி வேணாம்."

டாக்டர் சொன்னதில் அவருக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

"சரி" என்றார். "நாளைக்குப் பேசறேன்."

"இன்னிக்கு" என்றாள்.

அன்று சாயங்காலமே போய்ப் பேசினார். தரைத்தளத்தில் வீடு கிடைக்க ஏழு வாரம் ஆனது.